புது பிராஞ்ச் மாட்டுகிறீர்களா? போல்ட்டில் இந்தத் தவறுகள் வேண்டாம்

டர்பனில் ஃபோக்ஸ்வேகனின் சிட்டி கோல்ஃப் கார் வைத்திருக்கும் பையன்கள், கையில் கொஞ்சம் ராண்ட் சேர்ந்ததும் முதலில் வாங்குவது 4-க்கு-1 பிராஞ்ச் (நாலு சிலிண்டரின் புகையையும் ஒரே குழாயில் சேர்க்கும் எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி), கூடவே புகை தடையில்லாமல் வெளியேற ஒரு ஃப்ரீஃப்ளோ எக்ஸாஸ்ட். 1984 முதல் 2009 வரை தென்னாப்பிரிக்காவின் யூட்டன்ஹேகில் தயாரான வண்டி அது. வீட்டு வாசலிலேயே பிரித்து மாட்டிவிடலாம் என்ற தைரியத்தைத் தரும் வண்டி. என் அக்கா மகனும் மெர்பேங்கில் எங்கள் வீட்டு முன்னால் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிராஞ்ச் மாட்டினான். "மாமா, கை வலிக்கிற வரைக்கும் முறுக்கிட்டேன், இனிமே அசையாது" என்றான். மூன்று வாரத்தில், காலையில் ஸ்டார்ட் செய்தாலே டிக் டிக் என்று சத்தம். பிராஞ்சுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் அடைப்பாக வைக்கும் கேஸ்கெட் வழியாகப் புகை கசிந்தது.

கழற்ற உட்கார்ந்தோம். ஒரு போல்ட், ஸ்பேனர் வைக்கும் முன்னரே விரலோடு வந்துவிட்டது. அதன் மரையைச் சுற்றி, பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி, வெள்ளை வெளேரென்று ஒரு சுருள். எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டின் அலுமினிய மரைதான் அப்படியே உரிந்து வந்திருந்தது.

என்ன நடந்தது என்று அளந்து பார்த்தோம். பழைய ஸ்டட்டுகள் (தலையில்லாமல் ஹெட்டிலேயே நிற்கும் மரைக் கம்பிகள்) சில துருவேறி முறிந்துபோனதால், அவற்றை எடுத்துவிட்டு 20 மில்லிமீட்டர் நீள எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் விட்ட, போல்ட்டுகளைப் போட்டிருந்தான். புது பிராஞ்சில் ஹெட்டோடு ஒட்டும் தட்டான ஃபிளாஞ்ச் மட்டும் 12 மில்லிமீட்டர் தடிமன். கேஸ்கெட்டும் வாஷரும் சேர்ந்து இன்னும் 3. மிச்சம் 5 மில்லிமீட்டர்தான் ஹெட்டுக்குள் போயிருக்கிறது, அதாவது நாலே நாலு சுற்று மரை. இரும்பில் போல்ட்டின் விட்டம் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும். அலுமினியத்தில் அதைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு. எம்8 என்றால் 12 முதல் 16 மில்லிமீட்டர். கம்பெனி பாகத்தோடு வந்த போல்ட் நீளம் கம்பெனி பாகத்தின் தடிமனுக்குத்தான் பொருந்தும். வெளியே வாங்கிய பாகத்தின் தடிமன் வேறு என்பதைப் பலரும் அளந்தே பார்ப்பதில்லை. வெர்னியர் இல்லாவிட்டாலும் ஒரு ஸ்கேலும், துளையின் ஆழம் பார்க்க ஒரு மெல்லிய கம்பியும் போதும்.

நீளம் கூடினாலும் ஆபத்துதான். அடி மூடிய துளையில் போல்ட்டின் நுனி தரை தட்டிவிட்டால், முறுக்கும் அளவை வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' சொல்லும், ஆனால் ஃபிளாஞ்ச் இறுகியிருக்காது. துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் இன்னும் மோசம்: அதற்கு வெளியேற வழியில்லாமல், பிளாக்கையே விரிசல் விட வைக்கும். ஊதித் துடைத்த பிறகே போல்ட் போடுங்கள்.

அடுத்து, பளபளப்புக்கு மயங்குவது. அவன் போட்டவை ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள். கடற்கரை ஊரில் துருப்பிடிக்காது என்ற நினைப்பு. தலையில் ஏ2-70 என்று இருந்தால் அது 700 மெகாபாஸ்கல் இழுவிசையில் அறுந்துவிடும். 450-லேயே நிரந்தரமாக நீண்டுவிடும். சாதாரண 8.8 போல்ட் 800 வரை தாங்கும், 640 வரை நீண்டாலும் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த எண்ணைப் படிப்பது சுலபம்: முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் அறும் வலிமை, புள்ளிக்குப் பின்னுள்ள 8 என்பது அதில் எண்பது சதவீதம் வரை பயமில்லை என்பதற்கு. 10.9 என்றால் 1000, 900. தலையில் எந்த எண்ணும் இல்லாத போல்ட்டை எஞ்சின் பக்கமே கொண்டுவராதீர்கள். அப்புறம், உப்புக்காற்று வீசும் மெர்பேங்க், இசிபிங்கோ மாதிரி இடங்களில் ஸ்டெயின்லெஸ் போல்ட் துருப்பிடிக்காமல் நிற்கும். பக்கத்திலுள்ள அலுமினியம் அரித்துப்போகும். இரண்டு உலோகங்களும் ஈரமும் சேர்ந்தால் நடப்பது அதுதான்.

அதற்காக 12.9 தேடி அலையவும் வேண்டாம். அலுமினியத்தில் முதலில் தோற்பது போல்ட் இல்லை, துளையின் மரை. பிராஞ்சுக்கு என் கணக்கில் நல்லது ஸ்டட்டும் செம்பு பூசிய நட்டும்தான். அடுத்த முறை கழற்றும்போது தேய்மானமெல்லாம் ஸ்டட்டோடு போகும், ஹெட் தப்பிக்கும்.

பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, அந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்10 என்று கேட்டு வாங்கினால் 1.5 மில்லிமீட்டர் பிட்ச் தருவார்கள், ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் 1.25. டொயோட்டாவும் கோல்ஃபும் ஒரே வாசலில் நிற்கும் வீட்டில், ஒரே டப்பாவில் எல்லா போல்ட்டும் கலந்து கிடக்கும். முதல் நாலைந்து சுற்று விரலாலேயே ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் ஸ்பேனரைத் தொடாதீர்கள். மரை மாறியிருக்கிறது, அல்லது கோணலாக ஏறுகிறது.

இப்போது முறுக்குவதற்கு வருவோம். போல்ட் ஒரு கெட்டியான ஸ்பிரிங். நாம் முறுக்கும்போது அது மயிரிழை அளவு நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. உலர்ந்த எம்8 போல்ட்டை 25 நியூட்டன் மீட்டரில் முறுக்கினால் ஏறக்குறைய ஒன்றரை டன் பிடிப்பு. முழு சிட்டி கோல்ஃபின் எடையைவிட அதிகம்! ஆனால் நம் கை கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் இந்த நீட்சிக்குப் போகிறது. மிச்சமெல்லாம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வில் கரைகிறது. அதனால்தான் எண்ணெய் தடவிவிட்டு, உலர்ந்த போல்ட்டுக்குச் சொன்ன அளவையே பிடிப்பது தவறு. உராய்வு குறைந்த அளவுக்கு நீட்சி கூடும், மரை உரியும். செம்பு பேஸ்ட் தடவுவதற்கும் இதேதான். பாகத்தோடு வந்த தாளில் உலர்வா எண்ணெயா என்று பாருங்கள். எக்ஸாஸ்டுக்குப் பேஸ்ட் தடவினால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டார்க் ரெஞ்சில் ஒரு கிளிக் போதும். மனசு கேட்காமல் இரண்டாவது முறை இழுப்பவர்கள் அதிகம். ஒவ்வொரு இழுப்பும் கொஞ்சம் கூடுதலாகவே முறுக்கும். இறுகிய நட்டைக் கழற்ற அதை எடுக்காதீர்கள், வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். அடித்து முறுக்கும் இம்பாக்ட் கன்னைக் கழற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரிசையும் முக்கியம். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போக வேண்டும். முதல் சுற்றில் 10 நியூட்டன் மீட்டர், அடுத்து 18, கடைசியில் 25. ஒரு ஓரத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறு ஓரத்துக்குப் போனால் ஃபிளாஞ்ச் வளைந்து உட்காரும், கேஸ்கெட் ஊதிவிடும்.

நைலான் வைத்த லாக் நட்டை எக்ஸாஸ்டில் போடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் ஓட்டத்திலேயே நைலான் உருகிவிடும். ஸ்பிரிங் வாஷரும் அந்தச் சூட்டில் துவண்டுவிடும்.

சிலிண்டர் ஹெட் போல்ட் தனிக்கதை. பல வண்டிகளில் ஒரு அளவு வரை டார்க் ரெஞ்சால் முறுக்கி, அதன்பின் கோணம் பார்த்துத் திருப்புவார்கள். அவை நிரந்தரமாக நீண்டுவிடுகிற போல்ட்டுகள், ஒருமுறைக்கு மட்டும். பார்க்கப் புதிதாக இருக்கிறது என்று திரும்பப் போடாதீர்கள்.

அக்கா மகனின் ஹெட்டில் உரிந்த துளையைத் துளைத்துப் பெரிதாக்கி, புது மரை போட்டு, ஹெலிகாயில் என்ற சுருள் மரையை உள்ளே இறக்கினோம். எல்லா இடத்திலும் புது ஸ்டட், செம்பு நட். பிறகு வண்டியை பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் க்ளூஃப் வரை ஓட்டிவிட்டு வந்தோம். சூட்டோடு கை வைக்காமல் ராத்திரி முழுக்க ஆற விட்டோம். மறுநாள் காலை, எஞ்சின் சில்லென்று இருக்கும்போது மீண்டும் 25-இல் வைத்துப் பார்த்தான். நடுவிலிருந்த இரண்டு நட் மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பின. மற்றவை தொட்டதுமே கிளிக்.