தோய் சுதேப் கோயிலும் தோய் பூய் ஹ்மோங் கிராமமும்: அரை நாளில் பார்த்து வருவது எப்படி

சியாங் மாய் நகரில் தங்குகிறவர்களுக்கு மேற்கே எப்போதும் ஒரு மலை தெரிந்துகொண்டே இருக்கும். அதன் பெயர் தோய் சுதேப். வடதாய்லாந்துப் பேச்சில் ‘தோய்’ என்றால் மலை. அதன் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே, பொன் வேய்ந்த ஸ்தூபியுடன் ஒரு பௌத்தக் கோயில் இருக்கிறது. அதைத் தாண்டி மலைக்குள் மேலும் சென்றால் ஹ்மோங் எனப்படும் மலைவாழ் மக்களின் தோய் பூய் கிராமம் வரும். இவ்விரண்டையும் அரை நாளில் வழிகாட்டியுடன் காட்டிவரும் சுற்றுலாவைப் பெரும்பாலான விடுதிகளிலேயே பதிவு செய்துகொள்ளலாம். நான் இருமுறை சென்றிருக்கிறேன். முதல் முறை கிராமத்தில் எங்களுக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம்தான். கடைத்தெருவில் பாதி தூரம் நடப்பதற்குள் வண்டிக்குத் திரும்பும்படி அழைத்துவிட்டார்கள். இரண்டாம் முறை நேரத்தை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டு போனேன். அந்த இரண்டாம் பயணத்தைக் கொண்டுதான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். காலைச் சுற்று எட்டு மணி வாக்கில் தொடங்கிப் பன்னிரண்டரை மணிக்குள் முடியும். நகரிலிருந்து கோயிலுக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். வளைவுகள் நிறைந்த மலைப்பாதை என்பதால் நாற்பது நிமிடமாவது ஆகும். கோயிலிலிருந்து கிராமத்துக்கு இன்னும் அரை மணி நேரம். திரும்பி இறங்குவதற்கு ஒரு மணி நேரம். ஆக, வண்டியிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழிந்துவிடுகிறது. மீதியிருக்கும் நேரத்தில் கோயிலுக்கு ஒன்றே கால் மணி, கிராமத்துக்கு ஒரு மணி என்று ஒதுக்கினால் இரண்டையும் நிதானமாகப் பார்க்கலாம். வழியில் உள்ள பூபிங் அரண்மனைத் தோட்டத்தையும் சேர்த்துக் காட்டுவதாகச் சில சுற்றுலாக்காரர்கள் சொல்வார்கள். 1961இல் கட்டப்பட்ட அந்த அரண்மனையின் ரோஜாத் தோட்டம் அழகானதுதான். ஆனால் அரை நாளில் அதைச் சேர்த்தால் அதற்கான நேரம் கிராமத்திலிருந்துதான் எடுக்கப்படும். மேலும், அரச குடும்பத்தார் தங்கியிருக்கும் நாட்களில் அது மூடப்பட்டிருக்கும். அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே, பணம் கட்டுவதற்கு முன் கிராமத்தில் எத்தனை நிமிடம் நிறுத்துவார்கள் என்பதையே முதலில் கேளுங்கள். கோயில் நுழைவுக் கட்டணமும் மின்தூக்கி வண்டிக் கட்டணமும் தொகையில் அடங்குமா என்பதை அடுத்துக் கேளுங்கள். தாய்லாந்தில் வழிகாட்டிகள் அரசு உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த அட்டையைக் கழுத்தில் அணிந்திருப்பார்கள். வழிகாட்டி ஹ்மோங் இனத்தவராகவே கிடைத்தால், கட்டணம் சற்றுக் கூடினாலும் அவரையே அமர்த்திக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் நின்று ஒரு மூதாட்டியிடம் அவருடைய மொழியில் பேசி உங்களுக்கு விளக்கிச் சொல்ல அவரால்தான் முடியும்.

சுற்றுலா நிறுவனம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் சோங்தேவ் எனப்படும் சிவப்பு வண்டியை அமர்த்திக்கொள்ளலாம். பின்புறம் இரண்டு நீளப் பலகை இருக்கைகள் கொண்ட அந்த வண்டிகள் பழைய நகரின் சாங் புவாக் வாயில் அருகிலும், மலையடிவாரத்தில் விலங்குக் காட்சிசாலைப் பக்கத்திலும் நிற்கும். கோயில், கிராமம், இரண்டு இடங்களிலும் காத்திருத்தல், திரும்பி வருதல் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஏறுவதற்கு முன்பே வாடகையைப் பேசி முடித்துவிட வேண்டும். போகும் வழிக்கு மட்டும் பேசினால், திரும்ப வருவதற்குக் கிராமத்தில் வண்டி கிடைப்பது கடினம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வானம் தெளிந்திருக்கும். காலையில் நல்ல குளிர் இருக்கும் என்பதால் ஒரு மேலாடை தேவை. பிப்ரவரிக் கடைசி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் தீ வைப்பதால் வடதாய்லாந்து முழுவதும் புகை மூட்டமாக இருக்கும். அந்த நாட்களில் கோயில் முற்றத்திலிருந்து நகரம் தெரியாது. மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் அப்போது மலையேறாமல் இருப்பதே நல்லது. மழைக்காலத்தில் மேகம் கோயிலுக்குள்ளேயே வந்து நிற்கும். காட்சி மறைந்தாலும் அது தனி அழகுதான். பயணத்தில் குமட்டல் வருகிறவர்கள் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளட்டும்.

மலையேறும் சாலை தொடங்கும் இடத்தில் ஒரு துறவியின் சிலை இருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்லி ஐந்து நிமிடமாவது அங்கே நில்லுங்கள். குருபா சிவிசாய் என்ற அந்தத் துறவியின் தலைமையில்தான் இந்தச் சாலை போடப்பட்டது. அதற்கு முன் கோயிலுக்குப் போக வேண்டுமானால் காட்டுப் பாதையில் மணிக்கணக்காக நடக்க வேண்டியிருந்தது. 1934 நவம்பரில் அவர் வேலையைத் தொடங்கினார். அரசுப் பணம் இல்லாமல், ஊர் ஊராக மண்வெட்டியும் உணவும் கொண்டுவந்த மக்களின் உழைப்பால், 1935 ஏப்ரல் இறுதியில், ஆறு மாதத்துக்குள்ளாகவே சாலை திறக்கப்பட்டது. ‘குருபா’ என்பது வடபகுதி மக்கள் தங்கள் மரியாதைக்குரிய துறவிகளுக்குக் கொடுக்கும் பட்டம். அதிலுள்ள ‘குரு’ நமக்கும் தெரிந்த சொல்தான். உள்ளூர் ஓட்டுநர்கள் அந்தச் சிலையைக் கடக்கும்போது கை கூப்புவதைக் கவனியுங்கள்.

கோயில் வாசலில் இறங்கியதும் படியா, மின்தூக்கி வண்டியா என்று வழிகாட்டி கேட்பார். முழங்கால் வலி இல்லாதவர்கள் படியிலேயே ஏறுங்கள். முந்நூறுக்குச் சற்று அதிகமான படிகள்தாம். பழநியில் ஏறியவர்களுக்கு இது பெரிய ஏற்றமே அல்ல. இரு பக்கமும் கைப்பிடிச் சுவராகப் பச்சையும் செம்மஞ்சளுமான ஓட்டுச் செதில்களுடன் நாகங்கள் வளைந்து வளைந்து மேலே போகின்றன. அடியில் அவற்றின் தலைகளை நெருங்கிப் பாருங்கள். நாகம் ஒரு மகரத்தின் வாயிலிருந்து வெளிப்படுவதைப்போல் அமைத்திருப்பார்கள். லன்னா நாட்டுச் சிற்பிகளின் தனி முத்திரை அது. நம் கோயில்களின் மகர தோரணத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மகரம் உடனே பிடிபடும்.

லன்னா என்பது சியாங் மாயைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பழைய அரசு. அதன் மன்னர் கூ நா காலத்தில், 1383இல் இந்தக் கோயில் தோன்றியதாகக் கோயில் மரபு சொல்கிறது. சுகோதாய் நாட்டிலிருந்து வந்த சுமன தேரர் என்ற துறவி புத்தரின் தாது ஒன்றை, அதாவது அவருடைய உடல் எச்சத்தை, கொண்டுவந்தார் என்றும், அதைப் பிரதிட்டை செய்யும் வேளையில் அது இரண்டாகப் பிரிந்தது என்றும், ஒரு பகுதியை நகருக்கு வெளியே இருந்த பூந்தோட்டத்தில் வைத்த மன்னர், மற்றொன்றை வெள்ளை யானையின் முதுகில் ஏற்றி அது போகும் வழியில் விட்டார் என்றும் கதை. யானை இந்த மலையில் ஏறி, மும்முறை பிளிறி, இதே இடத்தில் உயிர் விட்டது. அந்த யானையின் சிலை வெளி முற்றத்தில் இருக்கிறது. ‘வாட் பிரதாத் தோய் சுதேப்’ என்ற கோயிலின் முழுப் பெயரில் வரும் ‘பிரதாத்’ என்ற சொல்லில் இருப்பதும் அந்தத் தாதுதான்.

தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். உள் முற்றத்துக்குள் நுழையும்முன் காலணியைக் கழற்ற வேண்டும். பளிங்குத் தரை நண்பகலில் கொதிக்கும். காலைச் சுற்றையே தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம். உள்ளே நடுவில் ஸ்தூபி, அதன் நான்கு மூலைகளிலும் பூவேலை செய்த உலோகக் குடைகள். தாமரை மொட்டு, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி ஆகியவற்றை வாங்கிக் கூப்பிய கைகளுக்குள் பிடித்துக்கொண்டு ஸ்தூபியை மூன்று முறை வலம் வருவது அங்குள்ள வழக்கம். இடமிருந்து வலமாக, நாம் வலம் வருவதைப் போலவேதான். புகைப்படத்துக்காக எதிர்த்திசையில் நடந்து வலம் வருகிறவர்களை இடிக்காதீர்கள். அமரும்போது புத்தர் பக்கம் காலை நீட்டக்கூடாது. துறவிகளைப் பெண்கள் தொடக்கூடாது, பொருளைக் கையோடு கையாகக் கொடுக்கவும் கூடாது. ஆசீர்வாத நூல் வேண்டுமானால் உதவியாளர் கட்டிவிடுவார். வலம் முடிந்தபின் வெளி முற்றத்தின் கிழக்கு ஓரத்துக்கு வாருங்கள். கீழே நகரமும், விமான நிலையத்தின் ஓடுபாதையும் விரிந்து தெரியும்.

இனிக் கிராமம். கோயிலுக்கு அப்பால் சாலை குறுகிக் காட்டுக்குள் நுழைகிறது. போகும் வழியிலேயே வழிகாட்டியிடம் இரண்டு சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்: வணக்கத்துக்கு ‘நியோ ஜோங்’, நன்றிக்கு ‘உவா ஜாவ்’. ஹ்மோங் மக்களின் மொழி தாய் மொழியோடு உறவில்லாதது. தென் சீனத்திலிருந்து லாவோஸ் வழியாக 19ஆம் நூற்றாண்டில் இந்த மலைகளுக்கு வந்தவர்கள் இவர்கள். ‘மேவ்’ என்ற பழைய பெயரை அவர்கள் இழிவாகக் கருதுகிறார்கள். அதை உங்கள் வாயிலிருந்து வரவிடாதீர்கள். யாங், லீ, வாங் போன்ற குலப்பெயர்கள் அவர்களிடம் உண்டு. ஒரே குலத்தார் எவ்வளவு தூரத்து உறவானாலும் உடன்பிறந்தவர்களைப் போலத்தான். அவர்களுக்குள் திருமணம் கிடையாது. பங்காளி முறை என்று சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும்.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து இருபுறமும் கடைகள் கொண்ட சந்து ஒன்று மேலேறுகிறது. பலர் இதைக் கிராமம் என்றே எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். முதலில் கடைகளில் நிற்காமல் அதைக் கடந்து மேலே செல்லுங்கள். அங்கே சிறு கட்டணத்தில் பார்க்கக்கூடிய எளிய அருங்காட்சியகம் இருக்கிறது. தாய் வீடுகளைப்போலத் தூண்களின் மேல் நிற்காமல், மண்தரையிலேயே எழும்பும் ஹ்மோங் வீட்டை அங்கே பார்க்கலாம். சுவரில் ஒட்டிய தாளில் கோழியிறகு பதித்திருந்தால் அதுதான் வீட்டுத் தெய்வத்தின் இடம். ஆண்டுதோறும் புத்தாண்டில் அதைப் புதுப்பிப்பார்கள். ஊருக்குள் நடக்கும்போது ஏதாவது ஒரு வாசலில் பச்சை இலைக் கொத்து தொங்கினால், அந்த வீட்டில் சடங்கு நடந்திருக்கிறது, வெளியார் வரக்கூடாது என்று பொருள். அருகில் போகாதீர்கள். ஊர்ப் பள்ளிக்கு ஸ்ரீ நேரு பள்ளி என்று பெயர்.

மேலே அருவியோடு கூடிய பூந்தோட்டம் ஒன்றும் உண்டு. குளிர்காலத்தில் அபினிச் செடிகள் சில அங்கே காட்சிக்காகப் பூத்திருக்கும். ஒரு காலத்தில் இந்த மலை மக்களின் பணப்பயிர் அதுதான். 1969இல் இங்கு வந்த மன்னர் பூமிபோல், இவர்கள் பீச் பழத்தாலும் அபினிக்கு ஈடாகச் சம்பாதிக்கிறார்கள் என்பதைக் கேட்டறிந்தார். நல்ல ரகப் பழமரங்களைக் கொடுத்தால் அபினியை விடலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அவ்வாண்டே தொடங்கிய அரச வேளாண் திட்டம் பின்னர் வடக்கு மலைகள் முழுவதும் பரவியது. கடைத்தெருவில் உள்ளூர்க் காப்பியும் உலர்ந்த பழங்களும் கிடைக்கும், வாங்குங்கள்.

துணிக்கடைகளுக்கு மீதி நேரத்தைக் கொடுங்கள். நான் நின்ற ஒரு கடை வாசலில் முதியவர் ஒருவர் மடியில் பலகை வைத்து அமர்ந்திருந்தார். பக்கத்தில் தணலின் மேல் ஒரு கிண்ணம். அதில் கறுத்துப்போன மெழுகு. மூங்கில் காம்பில் மெல்லிய செப்புத் தகடுகளைச் செருகிய ஒரு கருவியை அதில் தோய்த்து, அளவுகோலோ பென்சில் கோடோ இல்லாமல், வெள்ளைத் துணியில் கோட்டுக்குப் பக்கத்தில் கோடாக இழுத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு கோடும் நூலிழை அகலம். துணியை அவுரி நீலத்தில் பலமுறை முக்கி எடுத்து, பின் கொதிநீரில் மெழுகைக் கரைத்தால் கோடுகள் வெள்ளையாக எழும். பழைய முறையில் துணியும் கஞ்சாச் செடித் தண்டின் நாரில் நெய்ததாக இருக்கும். அதைக் கொசுவமாக மடித்துத் தைத்ததே ஹ்மோங் பெண்களின் பாவாடை.

கடைகளில் தொங்குபவற்றில் கணிசமானவை ஆலையில் அச்சிட்டவை. வேறுபாடு அறியத் துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சுத் துணியின் பின்புறம் வெளிறியிருக்கும். மெழுகுச் சாயத் துணி இருபுறமும் நீலமாக இருப்பதோடு, மெழுகு விண்ட இடங்களில் மயிரிழை போன்ற கீறல்களும் தெரியும். ‘பான் தாவ்’, அதாவது பூத்துணி எனப்படும் கைத்தையலில் பின்புறம் முடிச்சும் நூலோட்டமும் இருக்கும். கையால் செய்ததை வாங்கும்போது பாதி விலைக்குக் கேட்காதீர்கள். பல வார உழைப்பு அது. யாரையும் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. குழந்தைகளுக்குக் காசும் மிட்டாயும் கொடுக்கக்கூடாது. சைவ உணவுக்காரர்கள் உணவுக்கடையில் ‘கின் ஜே’ என்று சொல்ல வேண்டும். வெறுமனே இறைச்சி வேண்டாம் என்றால் மீன் சாறு சேர்த்துவிடுவார்கள்.

திரும்பும்போது விடுதிக்குப் போகாமல் வாட் சுவான் தோக் கோயிலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். மலைக்கும் பழைய நகருக்கும் இடையில் சுதேப் சாலையிலேயே இருப்பதால் ஓட்டுநர்கள் மறுப்பதில்லை. சுவான் தோக் என்றால் பூந்தோட்டம். வெள்ளை யானையின் முதுகில் ஏற்றாத அந்த மற்றொரு பாதித் தாதுவைக் கூ நா மன்னர் வைத்த இடம் இதுதான். லன்னா அரச குடும்பத்தாரின் அஸ்தி வைத்த வெண்ணிற ஸ்தூபிகளுக்கு நடுவே நின்று மேற்கே பார்த்தால், காலையில் நீங்கள் ஏறி இறங்கிய மலை தெரியும்.