பொமரேனியன் நாயின் முடி மங்கினால் முதலில் தட்டைப் பாருங்கள்

முடி பெரும்பாலும் புரதம்தான். தினமும் தயிர்சோறு மட்டும் போட்டால் வயிறு நிறையும், முடி வைக்கோல் மாதிரி ஆகும். ஷாம்பு மாற்றிப் பயனில்லை.

கருத்தடை செய்த 5 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 370 கலோரி போதும். முழுமையான உலர் தீவனத்தை, பாக்கெட்டில் உள்ள அளவுப்படி தராசில் நிறுத்து இரண்டு வேளையாக வையுங்கள். டம்ளர் கணக்கு வேண்டாம். 10 கிராம் கூடினாலே அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கு ஏறிவிடும்.

பளபளப்புக்கு மத்தி மீன் நல்லது. சென்னையில் காசிமேடு பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், காலையில் புதிதாகக் கிடைக்கும். வாரம் இரண்டு நாள், சின்ன மீன் ஒன்று, அன்றைக்குத் தீவனத்தைக் கொஞ்சம் குறைத்து. தலை, குடல் நீக்கி, உப்பில்லாமல் இட்லிப் பானையில் 10 நிமிடம் வேகவையுங்கள். நடுமுள்ளை உருவி, சதையை விரலால் நசுக்கிப் பாருங்கள். மிச்ச முள் கையில் குத்தும். பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள நொதி பி1 வைட்டமினைச் சிதைக்கும். கருவாடு கூடவே கூடாது, உப்பு. குழம்பு மீனைக் கழுவிக் கொடுப்பதும் தப்பு: வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

புது உணவை 7 நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் பேதிதான். முடியில் மாற்றம் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும்.

வட்டவட்டமாகக் கொட்டினால், ஓயாமல் சொறிந்தால், அது உண்ணியாகவோ பூஞ்சையாகவோ இருக்கலாம். மீனை நம்பிக் காத்திருக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிப் போங்கள்.