காலையில் இரண்டு நிமிடம், ஆறு ஒலிகள்: குழந்தைக்குக் கருவி வழியாகக் கேட்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கும் முறை

என் மகளுக்கு இரண்டு காதிலும் கேட்கும் கருவி. ஒன்றே முக்கால் வயதில் மாட்டினோம். இப்போது நான்கரை வயது. மூன்று வயதில், “பசி” என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று “பயி” என்றாள். “சட்டை” என்பது “அட்டை” ஆனது. முதலில் விளையாட்டு என்று நினைத்தேன், பிறகு அடம் என்று நினைத்தேன். திருத்தினேன், திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன், ஒரு நாள் குரலை உயர்த்தியும்விட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அவள் காதுக்கு ‘ஸ்’ என்ற ஒலியே போய்ச் சேரவில்லை. வலது காதுக் கருவியின் குழாயில் வியர்வை ஈரம் ஒரு முத்தாகத் திரண்டு அடைத்துக்கொண்டிருந்தது. இடது காதில் அவளுக்கு உயர்ந்த சுருதி ஒலிகள் முன்பிருந்தே குறைவு. ஆகவே அந்த ஒலிக்கு இருந்த ஒரே வழியும் மூடிவிட்டது.

இத்தனைக்கும் நான் தினமும் காலையில் ஆறு ஒலிச் சோதனை செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் தவறாகச் செய்திருக்கிறேன். அந்தத் தவறு தமிழ் பேசும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

கருவியை மாட்டுவது, காதுக்குள் பொருந்தும் மோல்டு என்ற வார்ப்புத் துண்டைத் துடைப்பது போன்றவற்றை உங்கள் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) காட்டியிருப்பார். அவற்றுக்குள் நான் போகவில்லை.

ஏன் ஆறு ஒலிகள்?

கனடாவில் காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு கற்பிக்கும் துறையில் பணியாற்றிய டேனியல் லிங் உருவாக்கிய சோதனை இது. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். இந்த ஆறும் பேச்சில் வரும் தாழ்ந்த சுருதி ஒலியிலிருந்து உயர்ந்த சுருதி ஒலி வரை எல்லாவற்றையும் தொட்டுவிடுகின்றன. ‘ம்’ ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸ் பக்கம், ‘ஆ’ நடுவில் 1000 ஹெர்ட்ஸை ஒட்டி, ‘ஷ்’ 2000-க்கு மேல், ‘ஸ்’ 4000-க்கும் மேல். ஆறும் கேட்டால், அந்தத் தூரத்தில் பேச்சின் ஒலிகள் குழந்தைக்கு எட்டுகின்றன என்று பொருள். ஆடியாலஜிஸ்ட் எடுக்கும் ஆடியோகிராமுக்கு (செவித்திறன் வரைபடம்) இது மாற்று இல்லை. நேற்று கேட்டது இன்றும் கேட்கிறதா என்று பார்க்கும் வழி, அவ்வளவுதான். நம்மைப் போன்ற பெற்றோருக்கு அந்த ‘இன்று’தான் முக்கியம். கருவி காதில் இருக்கிறது என்பதாலேயே குழந்தைக்குக் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

1. கண்ணால் பாருங்கள்

மோல்டு கிழிந்திருக்கிறதா, துளையில் காது மெழுகு (குறும்பி) இருக்கிறதா, குழாய் மஞ்சளாகி விறைத்திருக்கிறதா, உள்ளே நீர்த்துளி தெரிகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீர் இருந்தால் குழாயைக் கருவியிலிருந்து கழற்றி, கையால் அமுக்கும் ரப்பர் குமிழால் காற்றடியுங்கள். வாயால் ஊதினால் இன்னும் ஈரம்தான் உள்ளே போகும்.

பேட்டரியில் ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் உடனே போடாமல் ஓரிரு நிமிடம் காற்றில் வைத்திருங்கள். காற்று உள்ளே போனால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். ஆரஞ்சு நிறத் தாள் 13-ஆம் எண், நீலம் 675. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தாலும் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். பழைய பேட்டரியை மேசை மேல் விடாதீர்கள். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும், நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். கருவியின் பேட்டரிக் கதவுக்குப் பூட்டு உள்ள மாதிரி கிடைக்கிறது. சிறு குழந்தைக்கு அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

2. நீங்கள் கேட்டுப் பாருங்கள்

இதற்கு ஸ்டெத்தோகிளிப் வேண்டும். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போல இருக்கும், முனையில் கருவியைப் பொருத்தலாம். பல வீடுகளில் இது இல்லை. பேட்டரி சோதிக்கும் கருவி, விலை உயர்ந்த உலர்த்தும் பெட்டி எல்லாவற்றையும் விட முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. உலர்த்துவதற்கு மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டுவைத்தால் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள், மாற்றுங்கள். இரவில் டப்பாவில் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள்.

கருவியை ஸ்டெத்தோகிளிப்பில் மாட்டி, கருவியின் மைக் பக்கம் ஆறு ஒலிகளையும் நீங்களே சொல்லிக் கேளுங்கள். கரகரப்பு, விட்டுவிட்டு வருவது, மங்கல் எல்லாம் தெரிந்துவிடும். அதிக சக்தி உள்ள கருவி உங்கள் காதையே தாக்கும், அதனால் ஒலி தணிக்கும் பகுதியோடு வரும் ஸ்டெத்தோகிளிப்பை வாங்குங்கள். ஒரு வாரம் கேட்டால் உங்கள் குழந்தையின் கருவி நல்ல நிலையில் எப்படி ஒலிக்கும் என்பது காதில் பதிந்துவிடும். அதன் பிறகு சிறு மாற்றமும் தப்பாது.

3. ஒலிகளைச் சொல்லப் பழகுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். மெதுவாகப் படியுங்கள்.

மூன்று வாரம் “பயி” கேட்ட பிறகு பேச்சுப் பயிற்சியாளரிடம் போனேன். “தினமும் சோதனை செய்கிறேன், ஒலி கேட்டால் டப்பாவில் ஒரு கட்டை போட வேண்டும், ‘ஸ்’ சொன்னால் சரியாகப் போடுகிறாள்” என்றேன். “எப்படிச் சொல்கிறீர்கள், எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்” என்றார். சொன்னேன். அவர் என் கையை எடுத்து என் தொண்டையிலேயே வைத்து, “மறுபடியும்” என்றார். தொண்டை அதிர்ந்தது.

நான் சொல்லிக்கொண்டிருந்தது ‘ஸ்’ இல்லை. ‘ஸ்ஸு’.

நம் நாக்குக்கு மெய்யெழுத்தில் நிற்கப் பிடிக்காது. பல் ‘பல்லு’ ஆகிறது, பஸ் ‘பஸ்ஸு’ ஆகிறது, கால் ‘காலு’ ஆகிறது. பேச்சில் ஓர் ‘உ’ தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, நாம் கவனிப்பதே இல்லை. அந்த ‘உ’ தாழ்ந்த, வலுவான ஒலி. என் மகள் அதைக் கேட்டுத்தான் கட்டையைப் போட்டிருக்கிறாள். ‘ஸ்’ அவளுக்கு வெறும் மௌனம்.

முன்பக்கமும் ஒரு கண்ணி இருக்கிறது. பள்ளியில் புள்ளி வைத்த எழுத்தை ‘இக்’, ‘இங்’, ‘இச்’ என்று படித்தே வளர்ந்தவர்கள் நாம். ‘ம்’ சொல்லுங்கள் என்றால் ‘இம்’ என்போம், ‘ஸ்’ சொல்லுங்கள் என்றால் ‘இஸ்’. சத்தம் போடாதே என்று அடக்கும்போதுகூட ‘உஷ்’ என்றுதான் வாயில் வருகிறது. இந்த மூன்றிலும் உயிர் முன்னால் வந்து, மெய்யைக் கேட்காத குழந்தைக்கும் விடை சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

சரிசெய்வது எப்படி? விரல்களைத் தொண்டையில் வையுங்கள். ‘ஸ்ஸ்ஸ்’, ‘ஷ்ஷ்ஷ்’ இரண்டுக்கும் தொடக்கத்திலிருந்து முடியும்வரை அதிர்வே இருக்கக் கூடாது. வாயிலிருந்து வெறும் காற்று. முடிக்கும்போது வாயை மாற்றாமல் மூச்சை மட்டும் நிறுத்துங்கள். அங்கேதான் ‘உ’ நுழைகிறது. ‘ம்ம்ம்’ என்பதற்கு உதடுகளை முதலில் மூடிக்கொண்டு, பிறகு ஒலியைத் தொடங்குங்கள். ஒலி நின்ற பிறகுதான் உதடுகளைத் திறக்க வேண்டும். செல்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். எனக்கு நான்கு நாள் பயிற்சி தேவைப்பட்டது.

வீட்டில் வேறு யார் இந்தச் சோதனையைச் செய்தாலும் அவர்களும் பழக வேண்டும். என் மாமியார் ‘ஷ்’, ‘ஸ்’ இரண்டையும் ஒரே மாதிரி சொல்வார். குக்கர் விசிலுக்கு முன்னால் வரும் ஆவிச் சத்தம் ‘ஸ்’, பாப்பா தூங்குகிறாள் என்று விரலை உதட்டில் வைத்துச் சொல்வது ‘ஷ்’ என்று பிரித்துக் காட்டியதும் பிடித்துக்கொண்டார். இன்று என்னைவிட அவர் சொல்வதே தெளிவு.

4. குழந்தையைப் பழக்குங்கள்

ஒரு கட்டையைக் காதருகே பிடித்துக் காத்திருக்க வேண்டும். ஒலி கேட்டதும் டப்பாவில் போட வேண்டும். இதுதான் விளையாட்டு. முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், பிறகு அவள் கையைப் பிடித்துச் செய்யுங்கள், பிறகு விடுங்கள். நன்றாகக் கேட்கும் ‘ஆ’விலிருந்து தொடங்குங்கள். இரண்டரை வயதை ஒட்டி இது பல குழந்தைகளுக்கு வந்துவிடும். அதற்கும் சிறியவர்கள் என்றால், கண் விரிவது, சப்புவதை நிறுத்துவது, தலை திரும்புவது போன்ற அசைவுகளைக் கவனியுங்கள்.

அடுத்த கட்டம், ஒலியை அடையாளம் காண்பது. ஆ என்றால் விமானம், ஊ ரயில், ஈ எலி, ம் லட்டு, ஷ் தூங்கும் பொம்மை, ஸ் பாம்பு. பொம்மையை எடுக்கச் சொல்லலாம், பேச வந்துவிட்டால் திரும்பச் சொல்லச் சொல்லலாம். இந்தக் கட்டத்துக்குப் போவது மிகவும் அவசியம். ஏனென்றால் கேட்டது என்பது வேறு, எது என்று தெரிந்தது வேறு.

5. சோதனை

மின்விசிறி, டிவி நிறுத்துங்கள். ஒரு காதுக் கருவியை மட்டும் மாட்டி ஒருமுறை, மற்றதை மட்டும் மாட்டி ஒருமுறை, இரண்டையும் மாட்டி ஒருமுறை. இரண்டையும் சேர்த்தே சோதித்தால் ஒரு பக்கத்தின் குறையை மறுபக்கம் மறைத்துவிடும்.

குழந்தையின் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் உட்காருங்கள். கையால் வாயை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள், ‘ஸ்’ உள்ளங்கையிலேயே நின்றுவிடும். எதிரே உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றால், பூத்தையல் வளையத்தில் மெல்லிய பருத்தித் துணி மாட்டி முகத்துக்கு முன் பிடியுங்கள். ‘ஸ்’, ‘ஷ்’ சொல்லும் காற்று குழந்தையின் கழுத்தில் படக் கூடாது.

சாதாரணப் பேச்சுக் குரல் போதும். ‘ஸ்’ இயல்பாகவே ‘ஆ’வை விட மெலிந்தது, அதை ஊதிப் பெரிதாக்காதீர்கள். ஆறும் ஒரே நீளம் இருக்கட்டும். வரிசையைத் தினமும் மாற்றுங்கள், இடைவெளியையும் மாற்றுங்கள். ஒருமுறை இரண்டு விநாடி, ஒருமுறை எட்டு விநாடி. நடுவில் எதுவுமே சொல்லாமல் பத்து விநாடி இருங்கள். அப்போதும் கட்டை விழுந்தால் அவள் கேட்டுப் போடவில்லை, தாளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஓர் அடி தூரத்தில் தொடங்கி, மூன்று அடி, பிறகு அறையின் மறுகோடி. எந்த ஒலி எந்தத் தூரம் வரை எட்டுகிறது என்பதுதான் உங்கள் குழந்தையின் உண்மையான அளவு. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்பாததற்குக் காரணம் அதில் தெரிந்துவிடும்.

6. எது தவறினால் எங்கே பார்ப்பது

எல்லாமே தவறினால் பேட்டரி, அல்லது குழாய் முழுவதும் அடைப்பு. ‘ஸ்’, ‘ஷ்’ மட்டும் தவறினால் குழாய் ஈரம், மெழுகு. இரண்டும் இல்லையென்றால் கருவியின் அமைப்பையோ செவித்திறனையோ மறுபடி பார்க்க வேண்டும். ‘ம்’, ‘ஊ’ தவறினால் மோல்டு தளர்ந்து தாழ்ந்த ஒலி வெளியே கசியலாம். குழந்தையின் காது வேகமாக வளர்வதால் சில மாதங்களுக்கு ஒருமுறை மோல்டு மாற்ற வேண்டியிருக்கும். கருவி ‘கீ’ என்று கத்துவதும் இதன் அடையாளம்தான். சளி பிடித்த வாரத்தில் எல்லா ஒலிகளும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தால், நடுச்செவியில் நீர் கோத்திருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘ஈ’ சொன்னால் ‘ஊ’ பொம்மையை எடுக்கிறாளா? இது அலட்சியம் இல்லை. இரண்டு ஒலிக்கும் தாழ்ந்த பகுதி ஏறத்தாழ ஒன்றுதான், 300 ஹெர்ட்ஸ் பக்கம். ‘ஈ’யைப் பிரித்துக் காட்டுவது 2000-க்கு மேலே உள்ள இன்னொரு பகுதி. அது எட்டாவிட்டால் ‘ஈ’யும் ‘ஊ’வாகவே கேட்கும். கட்டை போடும் சோதனையில் இது சிக்காது. அடையாளம் காணும் சோதனையில்தான் சிக்கும்.

பின்னர் சேர்த்தவை

ஆறு ஒலிகளையும் செல்பேசியில் பதிந்து தினமும் ஒலிக்க விடலாமா என்று ஒரு தந்தை கேட்டிருந்தார். வேண்டாம். செல்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் ‘ம்’, ‘ஊ’ சரியாக வராது. நேரடிக் குரல்தான் வேண்டும்.

காக்ளியர் இம்பிளாண்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) வைத்த குழந்தையின் தாய் ஒருவர், ஸ்டெத்தோகிளிப் அதற்குப் பொருந்தவில்லை என்று எழுதினார். பொருந்தாது; அது ஒலியாக இல்லாமல் மின்சைகையாக அனுப்புவதால் ஸ்டெத்தோகிளிப்பில் கேட்க எதுவும் இல்லை. அதனால்தான் அவர்களுக்கு 3, 4, 5-ஆம் படிகள் இன்னும் முக்கியம்.

குழந்தைக்கு இன்னும் பரிசோதனையே செய்யவில்லை, வீட்டில் இந்த ஒலிகளுக்குத் திரும்பவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். தயவுசெய்து வீட்டில் மறுபடி மறுபடி செய்து பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற்கட்டப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் உலகெங்கும் பின்பற்றும் இலக்கு. அந்த வயது தாண்டிவிட்டது என்றால் இந்த வாரமே போக வேண்டும். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்தில் கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் காக்ளியர் அறுவை சிகிச்சை தேவைப்படும் சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது.

குறித்து வைக்க எந்தச் செயலி நல்லது என்று பலர் கேட்கிறீர்கள். நான் நாற்பது பக்க நோட்டுதான் வைத்திருக்கிறேன். ஆறு கட்டம், இடது, வலது, தூரம். அடுத்த முறை ஆடியாலஜிஸ்டிடம் போகும்போது அதைக் கையோடு எடுத்துப் போங்கள். “சரியாகக் கேட்பதில்லை” என்று சொல்வதை விட, “12-ஆம் தேதியிலிருந்து வலது காதில் மூன்று அடிக்கு அப்பால் ‘ஸ்’ இல்லை” என்று சொன்னால், அவர் உடனே எதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.