பாக்கஸ் ஆட்டத்தை மேடையேற்றும்போது சறுக்கும் இடங்கள்

ரோமானிய வெறியாட்டுச் சடங்குகளை வைத்து நடனம் அமைக்கும்போது முதல் சறுக்கல், தெய்வத்தைக் குழப்புவது. மதுக் கடவுள் பாக்கஸ் வேறு, தாய்த் தெய்வம் சிபெலி வேறு. நுனியில் பைன் காய் செருகி ஐவிக்கொடி சுற்றிய தைர்சஸ் கோல், மான்தோல், அவிழ்த்த கூந்தல் எல்லாம் பாக்கஸுக்கு. பெண்ணுடை உடுத்தித் தம்மைத் தாமே சாட்டையால் அடித்துக்கொள்ளும் கல்லி பூசாரிகள், கி.மு. 204இல் ரோமுக்கு வந்த சிபெலிக்கு. கைத்தாளமும் டிம்பனம் என்ற கைப்பறையும் இருவருக்கும் பொது. கல்லியின் கையில் தைர்சஸைக் கொடுத்தால், விஷயம் தெரிந்தவர்கள் அங்கேயே சிரித்துவிடுவார்கள்.

பாக்கஸ் கூட்டங்களைப் பற்றி ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியதையே நடனக் குறிப்பாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ரோமின் ஆட்சி மன்றமான செனட் அந்தக் கூட்டங்களை ஒடுக்கியது கி.மு. 186இல், லிவி எழுதியது ஒன்றரை நூற்றாண்டுக்கும் பிறகு, கிட்டத்தட்ட குற்றப்பத்திரிகைத் தொனியில். வெண்கலத்தில் பொறித்த செனட் ஆணை இன்றும் வியன்னாவில் இருக்கிறது: சிறப்பு அனுமதி இல்லாமல் 2 ஆண்கள், 3 பெண்களுக்கு மேல் கூடக் கூடாது. இருபது பேரை இறக்கிக் கூச்சல் போடுவதைவிட, இந்த ஐவர் கணக்கு மேடைக்கு எவ்வளவோ மேல்.

பெரிய கோளாறு தாளத்தில். எடுத்த எடுப்பிலேயே உச்ச வேகத்துக்குப் போனால் அப்புறம் ஏற இடமில்லை. சிபெலி வழிபாட்டோடு ஒட்டிய கல்லியாம்பிக் யாப்பைப் பாருங்கள்:

தன தான தான தானா
தன தா தனதன தா

முன்பாதி 12 மாத்திரை, பின்பாதி 10. பின்பாதியில் நான்கு குறில்கள் அடுத்தடுத்து ஓடி, கடைசி நெடிலில் இடறி நிற்கும். காலத்தைக் கூட்டாமலே வேகம் ஏறியது போல் கேட்பது இதனால்தான். கணக்குச் சரியாக வரட்டும் என்று 2 மாத்திரை சேர்த்து 24 ஆக்கினால் அந்த இடறல் செத்துவிடும்.

அடுத்தது தலை. சிற்பங்களில் பாக்கஸின் அடியவர்கள் தலையைப் பின்னுக்கு எறிந்திருப்பார்கள். கல்லுக்குக் கழுத்து வலிக்காது. முதுகை விறைப்பாக வைத்துக் கழுத்தை மட்டும் மடித்தால் பாரம் முழுக்க அங்கேதான் விழும். மூச்சிழுத்து நெஞ்சை உயர்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவிலிருந்து வளையத் தொடங்குங்கள். தலை கடைசியில் போகட்டும். மீளும்போதும் வயிறு முதலில், தலை கடைசியில். சுழலும்போது மட்டும் தலையைச் சாய்க்கவே வேண்டாம். பார்வை நிலைக்கப் புள்ளி கிடைக்காமல் கால் தடுமாறும்.

தைர்சஸுக்குக் கனத்த மரக்கம்பு எடுக்காதீர்கள். பழங்காலத்தில் எடுத்தது ராட்சதப் பெருஞ்சீரகத் தண்டு; உள்ளே சோறு போன்ற பஞ்சுதான், எடையே தெரியாது. மெல்லிய மூங்கிலில் ஃபோம் காயை ஒட்டினால் மணிக்கட்டு தப்பிக்கும், பக்கத்தில் ஆடுபவரின் மண்டையும் தப்பிக்கும்.