முதல் போராட்டப் போஸ்டர் செய்வது எப்படி?

போஸ்டர் செய்யலாம் என்று உட்கார்ந்ததும் கை கணினிக்குத்தான் போகும். அதைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். பேனாவும் தாளும் போதும். ஓர் உதாரணத்தோடு போவோம்: ஒரு பொதுக் கட்டடத்தின் வாசலில் 14 படிகள் இருக்கின்றன, சக்கர நாற்காலி ஏற சாய்தளம் இல்லை.

1. வாக்கியத்தைப் பிடியுங்கள்

பாதி வேலை இதுதான். 'மாற்றுத்திறனாளிகளுக்குச் சம உரிமை வேண்டும்' என்று எழுதினால் எல்லோரும் தலையாட்டிவிட்டு நடந்துவிடுவார்கள். யாரிடம் என்ன கேட்கிறோம் என்பது அதில் இல்லை. '14 படிகள். சாய்தளம் எங்கே?' என்றால் பதில் சொல்ல வேண்டியவருக்கு உறைக்கும்.

1968இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இருவர் இறந்திருந்தார்கள். தொழிலாளர்கள் ஏந்திய அட்டையில் 'ஐ ஆம் எ மேன்', நான் ஒரு மனிதன், அவ்வளவுதான். படமே இல்லை. 'ஆம்' (am) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் மட்டும் ஒரு கோடு. இத்தனை காலம் மனிதனாக மதிக்காதவர்களுக்கு அந்தக் கோடுதான் பதில்.

எண் இருந்தால் நீங்களே எண்ணிப் பாருங்கள். 1989இல் கெரில்லா கேர்ல்ஸ் என்ற பெண் கலைஞர்கள் குழுவினர் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள் போய் எண்ணினார்கள். நவீன ஓவியப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாண ஓவியங்களில் 85 சதவீதம் பெண்கள். இந்தக் கணக்கையே போஸ்டரில் போட்டார்கள். நம் உதாரணத்திலும் படி 14தானா என்று நேரில் போய் எண்ணுங்கள். 13 என்றால் எதிர்த்தரப்பு அதை மட்டுமே பேசும்.

2. படம்

தீப்பெட்டி அளவில் 20 கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு யோசனையைக் கிறுக்குங்கள். முதல் ஐந்தாறு எல்லோருக்கும் தோன்றுவதுதான்: உயர்த்திய கை, உடைந்த சங்கிலி. அதைத் தாண்டினால்தான் நம்முடையது வரும். எனக்கு வந்தது இது: மேலே 'அனைவரும் வருக' பலகை, கீழே வரிசையாகப் படிகள், அடிவாரத்தில் ஒரு சக்கரம் மட்டும். ஆளை வரையவில்லை. வரைந்தால் பரிதாபம் வந்துவிடும், கேட்பது உரிமை அல்லவா?

கை சரியாக வராதே என்று தயங்க வேண்டாம். 1958இல் ஜெரால்டு ஹோல்டம் அணு ஆயுத எதிர்ப்புக்கு வரைந்த சமாதானச் சின்னம் ஒரு வட்டமும் சில கோடுகளும்தான். இரு கைகளிலும் கொடி பிடித்து எழுத்துகளைக் காட்டும் கொடிச் சைகையில் என், டி என்ற ஆங்கில எழுத்துகளைக் குறிக்கும் நிலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். குழந்தைகூட அதைச் சுவரில் வரைந்துவிடும்.

3. இப்போது கணினி

இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் போதும். தாளின் நிறத்தைச் சேர்க்காமல் இரண்டு வண்ணங்கள், ஒரே எழுத்துரு. தமிழில் மேலே சுழியும் கீழே வாலும் வருவதால் வரிகளுக்கு இடையே கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள். ஏ3 தாளுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்றால் 3508 × 4961 பிக்சல். பின்னணி வண்ணத்தை ஓரத்தைத் தாண்டி 3 மில்லிமீட்டர் நீட்டிவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு விழாது.

4. சோதனை

கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்து மங்கினால் வண்ணம் தப்பு. அப்புறம், விஷயமே தெரியாத ஒருவரிடம் மூன்று வினாடி காட்டி மறைத்துவிட்டு, என்ன புரிந்தது என்று கேளுங்கள். விளக்கம் சொல்ல வாயெடுக்காதீர்கள்.

என் முதல் போஸ்டருக்கு இதைச் செய்யவில்லை. 40 பிரதிகள் அச்சாகி வந்த பிறகு ஒரு தோழி பார்த்துவிட்டு, "சரி, எந்தக் கட்டடம்?" என்று கேட்டாள். அன்று ராத்திரி 40 பிரதிகளிலும் மார்க்கரால் பெயர் எழுதினேன்.