பன்றி ரூபாயா, யானை ரூபாயா? 1911 வெள்ளி ரூபாயைக் கண்டுபிடிப்பது எப்படி

பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்திருக்கிறதா? அது எந்த வகை என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு லென்ஸும் நல்ல வெளிச்சமும் போதும்.

முதலில், விபூதியோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள். பூஜைப் பாத்திரத்துக்கு அது சரி. நாணயத்தில் நுண்ணிய கோடுகள் மழுங்கிவிடும், நாம் தேடுவதே அந்தக் கோடுகளைத்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

அடுத்து ஆண்டு. பூவேலைப்பாட்டின் நடுவில் இருக்கும். 1911 என்றிருந்தால் நிதானமாகப் பாருங்கள்.

இப்போது மன்னர் பக்கம் திருப்புங்கள். அவர் மேலங்கியின் மீது ஒரு சங்கிலி கிடக்கும். அதில், மார்புப் பகுதியில், குட்டியாக ஒரு யானை. நாணயத்தை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் திருப்பினால் நிழல் விழுந்து உருவம் எழும்பி வரும். 1911இல் தும்பிக்கை குட்டையாக, பன்றியின் மூஞ்சி போலத் தெரியும். 1912 முதல் தும்பிக்கை நீளமாக இறங்கும். யானை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் மக்களின் கோபம். மன்னர் உடையில் பன்றியைப் போட்டுவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது; முஸ்லிம்கள் மனம் மிகவும் புண்பட்டது. அடித்த சுமார் 94 லட்சம் ரூபாயில் ஏறக்குறைய 7 லட்சம்தான் வெளியே போனது. மீதியைத் திரும்ப உருக்கிவிட்டார்கள். சேகரிப்பவர்கள் இதைத் தேடி அலைவது இதனால்தான்.

ஆண்டும் யானையும் ஒத்துப்போக வேண்டும். 1917இன் கடைசி 7ஐச் சுரண்டினால் 1 ஆகிவிடும். தும்பிக்கையைச் சுரண்டிக் குட்டையாக்குவது அவ்வளவு எளிதல்ல. 1911 என்று போட்டு, யானைக்கு நீளத் தும்பிக்கை இருந்தால் வாங்காதீர்கள். தும்பிக்கை தேய்ந்தே போயிருந்தால் ஆண்டின் கடைசி எண்ணை லென்ஸில் பாருங்கள், பக்கத்தில் சுரண்டிய தடம் இருக்கிறதா என்று.

அப்புறம், எந்த நாணயச்சாலை? ஆண்டு போட்ட பக்கத்தில், அடியில் உள்ள தாமரைக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. என் கையில் இருந்த ஒன்றைப் பல மாதம் கல்கத்தா என்றே எழுதிவைத்திருந்தேன். புள்ளியை அழுக்கு மூடியிருந்தது. ஊறவைத்துப் பார்த்த அன்று, கடுகில் பாதிகூட இல்லாத ஒரு மேடு லென்ஸில் தெரிந்தது. அந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

கடைசியாக எடை. ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். நகைக்கடைத் தராசு போதும். புழங்கித் தேய்ந்தது சற்றுக் குறையலாம். ஒரு கிராமுக்கு மேல் குறைந்தால் சந்தேகப்படுங்கள். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியே இல்லை.

1911 என்று போட்ட அரை ரூபாய், கால் ரூபாய் இருந்தால் அவற்றையும் எடுத்துப் பாருங்கள். அவற்றிலும் அதே குட்டைத் தும்பிக்கைதான்.