துணிச்சலைப் பற்றிய புத்தகத்தில் பயந்த பக்கத்தைத் தேடுங்கள்

கடந்த சில மாதங்களாக நம்பிக்கை, போராட்டம், தலைமை பற்றிய புத்தகங்களாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். மார்ட்டின் லூதர் கிங், நெல்சன் மண்டேலா, நாஜி வதைமுகாமில் இருந்த மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல், அப்புறம் அன்னை தெரசாவின் கடிதங்கள். ஒவ்வொன்றையும் முடித்ததும் நோட்டில் இரண்டு பக்கம் எழுதிவைப்பேன். முதல் புத்தகத்துக்கு எழுதியதை ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், விடாமுயற்சி வேண்டும், மன்னிக்கப் பழக வேண்டும், இப்படி நான்கு வரிதான் இருந்தது. அந்தப் புத்தகத்தைத் திறக்காத ஒருவர்கூட அதை எழுதியிருக்கலாம். படிக்கும்போது எனக்குள் நடந்த எதுவும் அதில் இல்லை. அதிலிருந்து எழுதும் முறையை மாற்றிக்கொண்டேன். நீங்களும் இப்படி எழுதிவைக்கிறவர் என்றால் முயன்று பாருங்கள்.

படிக்கும்போதே பென்சில் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் எங்கே தடுமாறுகிறார் என்று தேடுங்கள். வெற்றி பெற்ற பக்கத்தை எல்லோரும் அடிக்கோடிடுகிறார்கள், அதை விட்டுவிடலாம். கிங்குக்கு அந்த இடம் 1956 ஜனவரி மாதத்து ஓர் இரவு. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் நிறவெறியை எதிர்த்துக் கறுப்பின மக்கள் அவர் தலைமையில் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவருக்கு வயது 27. நள்ளிரவில் தொலைபேசியில் ஒரு மிரட்டல் வருகிறது. தூக்கம் போய்விடுகிறது. காபி போட்டு எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து, கோழை என்று பெயர் வாங்காமல் இந்தப் பொறுப்பிலிருந்து எப்படிக் கழன்றுகொள்வது என்று யோசித்ததாக அவரே எழுதுகிறார். பிறகு தலையைக் கவிழ்த்து, என்னிடம் பலமே மிச்சமில்லை என்று வாய்விட்டு ஜெபிக்கிறார். உள்ளிருந்து ஒரு குரல் அவரை நிமிர்த்துகிறது. மூன்றே நாளில் அவர் வீட்டில் குண்டு வீசப்படுகிறது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள், நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. கோபத்தோடு திரண்ட கூட்டத்தை அமைதியாக வீட்டுக்குப் போகச் சொன்னவர், மூன்று நாள் முன்பு விலக வழி தேடிக்கொண்டிருந்த அதே மனிதர்தான்.

அப்படி ஒரு பக்கம் கிடைத்தால் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் எதை இழக்கப் பயந்தார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதற்குக் கீழே உங்கள் சொந்தத் தடுமாற்றம் ஒன்றை எழுதுங்கள், அளவில் அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. நான் வேலையிடத்தில் ஒரு சிறிய குழுவை நடத்திய காலத்தை எழுதினேன். நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தபோது எல்லாம் சரியாகிவிடும் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனாலேயே குழுவில் யாரும் என்னிடம் பிரச்சினை எதையும் சொல்ல வரவில்லை. என் பயத்தை மறைக்கத்தான் அப்படிப் பேசினேன் என்பது கிங்கின் அந்தப் பக்கத்தைப் படித்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. எழுதும்போது கை நடுங்கியது, உண்மையைச் சொன்னால்.

அடுத்தது, இதை எழுதும்போது ஆசிரியருக்கு முடிவு தெரியுமா என்று கேளுங்கள். பலரும் விட்டுவிடும் கேள்வி இது. காந்தி தன் சுயசரிதையை 1925 முதல் நவஜீவன் இதழில் வாராவாரம் எழுதினார். கதை 1921 வாக்கில் நின்றுவிடுகிறது, ஆகவே 1930 உப்பு சத்தியாகிரகம் அதில் கிடையாது. சுதந்திரம் கிடைக்குமா என்று தெரியாமல் எழுதியவரின் குரல் அது, அதனால்தான் தன் தவறுகளில் அவ்வளவு நேரம் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பிராங்கல் வதைமுகாமிலிருந்து மீண்ட பிறகு, 1945இல், ஒன்பதே நாளில் தன் புத்தகத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். பெயரே போடாமல் கைதி எண்ணோடு மட்டும் வெளியிட நினைத்திருந்தார். யார் மெச்சுவார்கள் என்ற கணக்கே அதில் இல்லை. மண்டேலா விஷயம் இன்னும் சுவாரசியம். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் 1970களின் நடுவில் தன் சுயசரிதையை இரவிரவாக ரகசியமாக எழுதத் தொடங்கினார், தோழர்கள் படித்துத் திருத்தம் சொன்னார்கள், பொடி எழுத்தில் எடுத்த பிரதி ஒன்று 1976இல் வெளியே கடத்தப்பட்டது. சிறை முற்றத்தில் புதைத்து வைத்த மூலத்தின் ஒரு பகுதி, அங்கே சுவர் எழுப்பத் தோண்டியபோது அகப்பட்டுவிட்டது, தண்டனையாக நான்கு வருடம் படிப்புச் சலுகை போனது. புத்தகம் வெளிவந்ததோ அவர் அதிபரான 1994இல். அதாவது ஒரே வாழ்க்கையைச் சிறை அறையிலிருந்தும் பதவியிலிருந்தும் சொல்லியிருக்கிறார். எந்தப் பத்தியில் கைதி பேசுகிறார், எதில் அதிபர் பேசுகிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே படித்தேன். என் யூகம் பல இடத்தில் தவறாகவும் இருக்கலாம், ஆனால் அப்படிக் குறித்ததால் எந்த வரியையும் அவசரமாகக் கடக்கவில்லை.

நம்பிக்கை பற்றி எழுதும்போது அவசரமே வேண்டாம். அன்னை தெரசா ஏறத்தாழ ஐம்பது வருடம் கடவுள் அருகில் இருப்பதை உணர முடியாமலேயே வேலை செய்திருக்கிறார். அழித்துவிடும்படி அவர் கேட்டுக்கொண்ட கடிதங்களில் இது இருந்தது, அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 2007இல், அவை வெளிவந்தன. படித்தபோது எனக்கு முதலில் கோபம் வந்தது, இவ்வளவு காலம் ஒருவரைத் தனியாக விடுவதா என்று. அப்புறம் ஒரு நிம்மதி. ஜெபம் செய்தும் ஒன்றும் தோன்றாத நாட்களை என் குறை என்றே நினைத்துவந்தவன் நான். இந்த மாதிரி இடத்தில், "சந்தேகத்தையும் மீறி விசுவாசம் வென்றது" என்று எழுதி முடித்துவிடக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். உங்கள் கேள்வியை அப்படியே எழுதித் தேதி போடுங்கள், பதில் தேட வேண்டாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் இதைச் செய்யலாம், உணர்வு வற்றிய பிறகும் ஒரு வேலையை விடாமல் செய்தது எதனால் என்ற கேள்வி எல்லோருக்கும் பொதுதான்.

தலைவரைச் சுற்றி இருந்தவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். மண்டேலா சிறையில் இருந்தபோது 1968இல் தாய் இறந்தார், அடுத்த வருடமே மூத்த மகன் விபத்தில் இறந்தார், இரண்டு அடக்கத்துக்கும் அவரை விடவில்லை. போராட்டத்தின் விலையை யார் யார் கொடுத்தார்கள் என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள், பட்டியல் நினைத்ததைவிட நீளமாக வரும்.

சில்லறை விஷயங்கள்: படித்து முடித்த அன்றே எழுத வேண்டாம், இரண்டு நாள் போகட்டும். மேற்கோள் ஒன்றுக்கு மேல் வேண்டாம். பின்னட்டையில் இருக்கும் எந்தச் சொல்லையும் எடுக்காதீர்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் படித்து, வேறு யாரும் எழுதியிருக்கக்கூடிய வரிகளை அடித்துவிடுங்கள்.

மண்டேலாவைப் பற்றி எழுதிய பக்கத்தில் இப்போது எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு கேள்வி மட்டும்: அந்த இரண்டு அடக்கத்துக்கும் போக முடியாமல் போகும் என்று முன்பே தெரிந்திருந்தால் அவர் இதே வழியில் போயிருப்பாரா, நான் போவேனா? கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.